காவற்பணிக்கு ஒரு கல்விப் பிணை

காத்தோங் வட்டாரத்தில் மேயர் சாலையும் ஃபோர்ட் சாலையும் கூடுமிடத்தில் சிறியதொரு பூங்கா உண்டு. குழந்தைகள் ஓடியாடும் அதன் புல்வெளிக்குக் கீழே ஒரு கோட்டை புதைந்து கிடக்கின்றது. 1879ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையே அது. கிழக்கிலிருந்து துறைமுகத்தை நோக்கி வரும் பகைக் கப்பல்களைத் தடுப்பதற்காகக் கடலோர மணலின்மீது அதனை எழுப்பினர். இடமும் பொருந்தவில்லை, அமைப்பும் பொருந்தவில்லை என்று குறை எழுந்தது. தேறாத கோட்டை என்னும் பொருள்படும் பட்டப்பெயரும் அதற்கு வாய்த்தது. 1901இல் அதனைக் கைவிட்டனர். ஒரு போரையும் காணாமலே மண்ணுக்குள் போன அதன் சுவர்கள் 2001இல் மீண்டும் கண்ணிற்பட்டன. 2004இல் அகழாய்வும் நடைபெற்றது. சாலைக்குப் பெயர் தந்ததோடு அக்கோட்டையின் பணி முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

கோட்டையின் காலடியில் அன்று அலை மோதிற்று. 1960களில் தொடங்கிய நிலமீட்புப் பணியால் கடல் நெடுந்தொலைவு பின்வாங்கிவிட்டது. ஆயினும் கடல்வழியே காத்தோங்கிற்கு வந்து சேரும் பொருள்களுள் மிக இன்றியமையாத ஒன்று அதன்பிறகே வந்தது. அது கப்பலன்று, கண்ணாடி இழையாலான கம்பி வடம். ஜப்பான், கொரியா, சீனா, தைவான், ஃபிலிப்பீன்ஸ், மலேசியா முதலிய நாடுகளைச் சிங்கப்பூரோடு இணைத்து 2001இல் இயங்கத் தொடங்கிய ஆசிய பசிபிக் வடம் காத்தோங்கிலேயே கரையேறியது. மறு ஆண்டில் சென்னையிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளத்திற்கு மற்றொரு வடம் இடப்பட்டது. வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, விமானச் சீட்டு, ஊரில் உள்ள பாட்டியின் முகம் ஆகிய யாவும் இத்தகைய வடங்களின் வழியே ஒளியாக வருகின்றன. அவ்வழியே பகைவனும் வருகின்றான். அவனைத் தடுக்கப் பீரங்கி உதவாது. கணினியின் உள்ளிருப்பை அறிந்த ஆள்தான் வேண்டும்.

அந்த ஆளை அரசு எங்கே பெறுவது? கூலி கொடுத்துச் சந்தையில் எடுக்கலாம். ஆனால் அத்தகைய ஆளைத் தேடி வங்கிகளும் பன்னாட்டு நிறுவனங்களும் அதே சந்தையில் நிற்கின்றன. அவை கொடுக்கும் ஊதியத்தோடு போட்டியிடுவது அரசுக்கு எளிதன்று. ஆகவே அரசு சற்று முன்னதாகவே, அதாவது பல்கலைக்கழக வாயிலிலேயே, மாணவனைச் சந்திக்கின்றது. ‘உன் படிப்புச் செலவு என்னுடையது, படித்து முடித்தபின் இத்தனை ஆண்டுகள் உன் உழைப்பு என்னுடையது’ என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றது. இணையப் பாதுகாப்புக் கல்விக்கு உபகாரச் சம்பளம் என்று செய்தித்தாள்களில் வருவதன் உட்பொருள் இதுவே. பதினெட்டு, பத்தொன்பது வயதினர் தம் வாழ்வின் நான்கு முதல் ஆறு ஆண்டுகளை இவ்வாறு எழுதிக் கொடுக்கின்றனர். ஆதலின் இதனை மாணவர்க்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

உபகாரமா, பிணையா?

உபகாரச் சம்பளம் என்னும் தொடர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நெடுங்காலமாக வழங்கி வருவது. உபகாரம் என்பது கைம்மாறு வேண்டாத உதவி. கைம்மாறு இத்தனை ஆண்டு, இத்தனை வெள்ளி என்று முத்திரையிட்ட தாளில் எழுதிவைத்த பின்னர் அதனை உபகாரம் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்? சம்பளம் என்பதும் செய்த வேலைக்குக் கொடுப்பது. இங்கோ இனிச் செய்யப்போகும் வேலைக்கு முன்னரே கொடுக்கப்படுகின்றது. மக்கள் வழக்கில் உள்ள ‘பாண்டு’ என்னும் சொல்லே உண்மையை ஒளியாது சொல்கின்றது. தமிழில் பிணை என்பது அதற்கு மிகப் பொருத்தமான சொல். கட்டுதல் என்ற பொருளும், ஒருவர்க்காக மற்றொருவர் பொறுப்பேற்றல் என்ற பொருளும் அதற்கு உண்டு. இவ்வொப்பந்தங்களில் இரண்டு பொருளும் ஒருங்கே நிற்பதைப் பின்னர்க் காணலாம்.

செஞ்சோற்றுக் கடன் என்பதும் தமிழர்க்குத் தெரியாத கருத்தன்று. ஆனால் செஞ்சோற்றுக் கடனுக்கும் பிணைக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. செஞ்சோற்றுக் கடனுக்கு ஆண்டுக் கணக்கு இல்லை. உயிர் உள்ளவரை அது தீராது. பிணைக்கோ தொடக்கமும் முடிவும் உண்டு. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டால் விடுதலையும் உண்டு. இந்த வேறுபாட்டை மறந்தமையால் விளைந்த சச்சரவு ஒன்று சிங்கப்பூர் நாடாளுமன்றம் வரை சென்றதுண்டு.

ஆள்வோர் செலவில் கற்று ஆள்வோர்க்குப் பயன்படுவது தமிழகத்திற்கும் பழையதே. கி.பி. 866இல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பார்த்திவசேகரபுரம் என்னும் ஊரில் ஒரு சாலை அமைத்தான். காந்தளூர்ச் சாலையைப் பின்பற்றி அமைந்த அதில் 95 மாணவர்க்கு இடம் ஒதுக்கப்பட்டது. மறைப் பிரிவு நோக்கி 45, 36, 14 என்று அவ்விடங்களைப் பகுத்திருந்தனர். சேர விரும்புவோர்க்கு இலக்கண அறிவோடு மூன்று அரசுகளின் ஆட்சி நடைமுறை பற்றிய அறிவும் வேண்டப்பட்டது என்று செப்பேடு கூறுவதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். தவறு செய்தோர்க்குத் தண்டமும் அச்செப்பேட்டிலேயே உண்டு. அது மறையோர் மாணவர்க்கே உரிய சாலை என்பதும் மறக்கத்தக்கதன்று. உண்டியும் உறையுளும் கொடுத்து நிருவாகம் அறிந்தவரை உருவாக்கும் எண்ணம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது என்ற அளவில் அது ஈண்டு குறிக்கத்தக்கது.

சிங்கப்பூரில் இம்முறை முதலில் பிணையின்றியே தொடங்கியது. சிசில் கிளமெண்டி ஸ்மித்தின் முயற்சியால் 1885இல் ஏற்பட்ட அரசியார் உபகாரச் சம்பளம், திறமை மிக்க மாணவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. 1887இல் அதனைப் பெற்ற லிம் பூன் கெங் மருத்துவரானார். மறு ஆண்டில் பெற்ற சொங் ஓங் சியாங் வழக்கறிஞரானார். இருவரும் ஊர் திரும்பித் தனித் தொழிலே செய்தனர். பொதுவாழ்விலும் சிறந்து விளங்கினர். அரசுக்கு அவர்கள் பட்ட கடன் ஏட்டில் எழுதப்படாத கடன்.

காத்தோங்கில் உள்ள சிலோன் சாலையும் இவ்வரலாற்றில் ஒரு பக்கத்தைச் சொல்கின்றது. அங்குள்ள செண்பக விநாயகர் கோயிலின் தொடக்கக் கட்டடத்தை 1875இல் எழுப்ப முன்னின்றவர் எதிர்நாயகம் பிள்ளை என்னும் இலங்கைத் தமிழர். 1923இல் கோயிலின் பொறுப்பைச் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் ஏற்றது. அச்சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களுள் பல, யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எழுத்தராகவும் இருப்புப்பாதை ஊழியராகவும் அமர்ந்தோர் வழிவந்தவை. ஆங்கிலக் கல்வி கற்றால் அரசாங்க உத்தியோகம், உத்தியோகத்திற்குப் பின் ஓய்வூதியம் என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். இன்று ஒரு தமிழ்த் தாய் தன் மகளுக்கு அரசு உபகாரச் சம்பளம் கிடைத்தது என்று அண்டை வீட்டாரிடம் சொல்லும்போது அதில் ஒலிக்கும் பெருமிதம் அந்தப் பழைய கணக்கின் எதிரொலியே. ஆனால் கணக்கு மாறிவிட்டது என்பதை அத்தாய்க்கு யாரேனும் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்குப் பிணை புதிதன்று. 1952 முதல் 1962 வரை லிவர்ப்பூல் நகரருகே கர்க்பியில் நடந்த மலாயா ஆசிரியர் கல்லூரிக்கு அரசு செலவில் சென்றோர், திரும்பி வந்து பள்ளிகளில் பணியாற்றக் கடமைப்பட்டே சென்றனர். சிங்கப்பூரில் இன்றும் ஆசிரியப் பயிற்சி பெறுவோர் பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் பெறுகின்றனர். அதற்கு ஈடாகக் கல்வியமைச்சில் சில ஆண்டுகள் பணி செய்கின்றனர். பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலும் குடிமக்களுக்கு ஐந்து ஆண்டுப் பிணை உண்டு. ஆக, நாட்டிற்கு எப்பணிக்கு ஆள் பற்றாக்குறையோ அப்பணிக்குப் பிணை வரும். பிணைகளின் பட்டியலைப் பார்த்தாலே ஒரு காலத்தில் அரசு எதனை எண்ணிக் கவலையுற்றது என்பது புலப்படும். முதலில் ஆசிரியர், பின்னர் மருத்துவர், பொறியாளர். இப்போது கணினிக் காவலர்.

2018இல் நடந்தது

அக்கவலைக்குக் காரணம் என்ன? 2018 ஜூலை 20ஆம் நாள் சிங்கப்பூர் அரசு ஒரு செய்தியை வெளியிட்டது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் முதலியன திருடப்பட்டுவிட்டன; அவர்களுள் 1,60,000 பேர்க்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிற்று. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்துக் குறிப்பைத் திருடர்கள் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருந்தனர். ஐந்தரை மில்லியன் மக்கள் வாழும் தீவில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் விவரம் வெளியே சென்றது என்றால் அதன் கனம் விளங்கும்.

இத்திருட்டின் வழிமுறையை ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஆராய்ந்து, 2019 ஜனவரியில் அறிக்கை தந்தது. பகைவர் ஒரே நாளில் உள்ளே பாய்ந்துவிடவில்லை. 2017 ஆகஸ்டு அளவிலேயே ஊழியர் பயன்படுத்தும் ஒரு கணினியில் இடம்பிடித்துவிட்டனர். தூண்டில் மின்னஞ்சல் ஒன்றன் வழியே அது நேர்ந்திருக்கலாம் என்று குழு கருதியது. பிறகு பல திங்கள் ஓசையின்றி ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தனர். வீட்டில் புகுந்த கள்வன் பரணிலேயே ஓராண்டு குடியிருந்து, சாவிக் கொத்து எந்த ஆணியில் தொங்குகின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தது போன்றது அது. 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை தரவுகளை வெளியே எடுத்தனர். ஜூலை 4இல் தரவுத்தளத்தைக் கவனித்துவந்த ஊழியர் ஒருவர், வழக்கத்திற்கு மாறான வினாக்கள் தரவுத்தளத்தை நோக்கி வருவதைக் கண்டு ஐயுற்று அவற்றை நிறுத்தினார். திருட்டு அத்தோடு நின்றது.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஜூன் நடுப்பகுதியிலேயே தவறான மறைச்சொற்களோடு தரவுத்தளத்தில் நுழைய முயன்ற அடையாளங்களை ஊழியர் சிலர் கண்டிருந்தனர். அது தாக்குதல்தானா என்று துணிந்து சொல்லும் பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. சொல்ல வேண்டிய பொறுப்பில் இருந்தோரும் உரிய காலத்தில் மேலிடத்திற்குச் சொல்லவில்லை. இணையப் பாதுகாப்பு அமைப்புக்குச் செய்தி எட்டியது ஜூலை 10ஆம் நாள். பகைவர் மிகத் திறமை வாய்ந்தவர். எனினும் அவர் வெற்றி தவிர்க்க முடியாததன்று என்பது குழுவின் முடிவு. கருவிகள் இருந்தன, கருவி காட்டிய குறியைப் படிக்கும் ஆள்கள் போதவில்லை. 1879ஆம் ஆண்டுக் கோட்டையிலும் பீரங்கிகள் இருந்தன!

அவ்வாண்டு பல ஏற்பாடுகள் நடந்தன. இணையப் பாதுகாப்புச் சட்டம் திருட்டு வெளிப்படுவதற்கு முன்பே, 2018 பிப்ரவரியில், நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. ஆகஸ்டு 31இல் நடைமுறைக்கு வந்தது. மின்சாரம், குடிநீர், வங்கி, மருத்துவம், போக்குவரத்து உள்ளிட்ட 11 துறைகளின் இன்றியமையாக் கணினிகளுக்குக் காப்புக் கடமைகளை அது விதித்தது. அதே ஆண்டில், 2015 ஏப்ரல் 1இல் பிறந்த இணையப் பாதுகாப்பு அமைப்பும், அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பும், தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து அறிவார்ந்த தேச உபகாரச் சம்பளத்தைத் தொடங்கின. தேசிய சேவை புரியும் இளைஞர்க்கும் ஒரு வழி திறந்தது. கணினிக் காப்பில் திறமை காட்டுவோர், வழக்கமான இரண்டாண்டுச் சேவையோடு மேலும் சிறிது காலம் படையில் ஊதியத்தோடு பணியாற்ற ஒப்பினால், பணி செய்துகொண்டே சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டப்படிப்பின் ஒரு பகுதியையும் முடிக்கலாம். 2022 அக்டோபர் 28இல் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை ஆகிய மூன்றோடு மின்னிலக்க, புலனாய்வுச் சேவை நான்காவது பிரிவாகச் சிங்கப்பூர் ஆயுதப் படையில் அமைந்தது. 2025 ஜூலை 18இல், இணையப் பாதுகாப்பு அமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில், அமைச்சர் கா. சண்முகம், யுஎன்சி 3886 என்று குறிக்கப்படும் ஒரு குழு நாட்டின் இன்றியமையாக் கட்டமைப்பைத் தாக்கிவருவதை வெளிப்படையாக அறிவித்தார். எனவே இப்பணிக்கு ஆள் வேண்டியிருப்பது விளம்பரத்துக்காகச் சொல்லப்படுவதன்று.

பிணையின் கணக்கு

பொதுச் சேவை ஆணையம் 1951இல் நிறுவப்பட்டது. 1959இல் சிங்கப்பூர் அரசு உபகாரச் சம்பளம் என்று தொடங்கி, 1966 முதல் அதிபர் உபகாரச் சம்பளம் என்று வழங்குவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆணையத்தின் உபகாரச் சம்பளங்களில் உள்நாட்டிலே கற்போர்க்கு நான்கு ஆண்டும், ஆங்கிலம் வழங்கும் வெளிநாடுகளில் கற்போர்க்கு ஆறு ஆண்டும், பிறமொழி வழங்கும் நாடுகளில் கற்போர்க்கு ஐந்து ஆண்டும் பிணை விதிப்பது வழக்கம். பிற அமைப்புகளும் பெரும்பாலும் இதனை ஒட்டியே செல்கின்றன.

பிணையை முறிப்பவர், முன்கூட்டி வரையறுத்த இழப்பீட்டைக் கட்ட வேண்டும். அதன் கணக்கைப் பலர் தவறாக எண்ணுகின்றனர். செலவான தொகையைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். அத்தொகைக்குக் கூட்டு வட்டியும் சேர்வதுண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு மாணவனுக்கு அரசு 1,00,000 வெள்ளி செலவிட்டது என்றும், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டு வட்டி என்றும் கொள்வோம். நான்கு ஆண்டில் அது 1,46,410 வெள்ளியாகும். பாதிப் பிணையை முடித்திருந்தால் ஏறக்குறைய அதிற் பாதியைக் கட்ட வேண்டிவரும். வெளிநாட்டுப் படிப்பென்றால் முதல் தொகையே இதைப்போல் பன்மடங்கு. கணித ஆசிரியர்கள் கூட்டு வட்டியைக் கற்பிக்க வேறு கற்பனைக் கணக்குகளைத் தேடவேண்டியதில்லை.

இவ்விழப்பீட்டைக் கட்டிவிட்டால் கடன் தீர்ந்ததா? இதுவே மேலே குறிப்பிட்ட சச்சரவு. 1998இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம், பிணையை முறித்தோரின் பெயர்களை வெளியிடப்போவதாக அறிவித்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் பிலிப் இயோ. பெயர்களை வெளியிடுவது முறையன்று என்று நாடாளுமன்ற உறுப்பினர் சிங் ஹீ கோக் கருத்துரைத்தார். அத்தகையவர் பதவி விலக வேண்டும் என்றார் பிலிப் இயோ. விவாதம் சூடுபிடித்தது. ஒப்பந்தத்தில் உள்ள தொகையைக் கட்டியவன் ஒப்பந்தத்தை நிறைவேற்றியவனே என்பது ஒரு கட்சி. அரசு வங்கியன்று, இன்னொரு மாணவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை எடுத்துக்கொண்டவன் பணத்தால் அதனை ஈடுசெய்ய இயலாது என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சி பிணையைப் பிணையாகவே பார்த்தது; இரண்டாவது அதனைச் செஞ்சோற்றுக் கடனாகப் பார்த்தது. இரண்டாம் கட்சியின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கடனுக்கு விலையைத் தானே எழுதி, அவ்விலையைப் பெற்றுக்கொண்ட பின்னரும் கடன்காரனைத் தெருவில் நிறுத்துவது வழக்காடு மன்றத்து நீதிக்கும் பொருந்தாது, வட்டிக்கடை நீதிக்கும் பொருந்தாது. மனச்சான்றுக்குக் கட்டுப்பட்டவனை வேண்டுமென்றால், இழப்பீட்டுத் தொகையை உயர்த்துவதிலும் பெயரை அறைவதிலும் அவன் கிடைக்கமாட்டான். தேர்வின்போதே தேடிப் பிடிக்க வேண்டும்.

பிணை இருவரையும் கட்டுவது. மாணவன் முறித்தால் என்னாகும் என்று மட்டுமே பெரும்பாலும் பேசப்படுகின்றது. அரசு முறித்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவில் அண்மையில் ஒரு பாடம் கிடைத்தது. அந்நாட்டில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ‘சேவைக்கு ஈடான கல்வி உதவி’ என்னும் திட்டத்தைத் தேசிய அறிவியல் அறநிறுவனம் பல்கலைக்கழகங்களின் வழியே நடத்துகின்றது. இணையப் பாதுகாப்புப் பயில்வோர்க்கு மூன்று ஆண்டுவரை கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கிடைக்கும். எத்தனை ஆண்டு உதவி பெற்றனரோ அத்தனை ஆண்டு அரசுப் பணி செய்தல் வேண்டும். பெரும்பாலோர் நடுவணரசில் சேர வேண்டும். ஒரு பகுதியினர் மாநில, உள்ளூர் அரசுகளிலும் கல்வி நிலையங்களிலும் சேரலாம். பணியை நிறைவேற்றாவிடில் பெற்ற உதவி கடனாக மாறிவிடும்.

சிங்கப்பூர் முறைக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஒன்றே. இங்கே உபகாரச் சம்பளம் தந்த அமைப்பே வேலையும் தருகின்றது. அங்கே வேலையை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். பட்டம் பெற்றபின் 18 திங்கள் தவணை. அரசில் ஆள் பஞ்சம் இருந்தவரை இந்த வேறுபாடு எவர் கண்ணிலும் படவில்லை. 2025 ஜனவரி 20இல் நடுவணரசின் பணி நியமனங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பாதுகாப்பு நிறுவனங்களிலும் ஆட்குறைப்பு நடந்தது. அவ்வாண்டு பட்டம் பெற்ற மாணவருள் பலர், வேலை செய்ய ஆயத்தமாக இருந்தும் வேலை கொடுப்பாரின்றி, பெற்ற உதவி கடனாகத் தலையில் விழுமோ என்று அஞ்சி நிற்க நேர்ந்தது. கதவைச் சாத்தியவரே உள்ளே வராததற்குத் தண்டமும் கேட்கும் நிலை அது. அவர்கள் செய்த பிழை, ஒப்பந்தத்தில் தமக்குரிய கடமைகளைப் படித்து, எதிர்க்கட்சிக்கு உரிய கடமை யாது என்று தேடாமல் விட்டதே. அந்த வயதில் அதனைத் தேடத் தோன்றுமா என்பதும் வேறு கேள்வி.

இத்துறைக்கே உரிய மற்றோர் இடரும் உண்டு. மருத்துவன் ஆறு ஆண்டு அரசு மருத்துவமனையில் இருந்தால் அவன் கைத்திறன் கூடும். கணினிக் காவலனுக்கு அஃது உறுதியன்று. களத்தில் நின்று தாக்குதல்களைப் பிரித்து ஆராய்பவன் ஆறு ஆண்டில் பெருந்திறன் பெறுவான். அதே அமைப்பில் கோப்புகளையும் விதிமுறைகளையும் மட்டும் கவனிக்க விடப்பட்டவன் பின்தங்கிவிடுவான். கற்ற வித்தை இவ்வளவு விரைவில் பழையதாகும் துறை வேறொன்று இருப்பது அரிது. நேர்முகத் தேர்வில், ‘பிணைக் காலத்தில் எவ்வகைப் பணியில் அமர்த்துவீர்கள்? மேற்பயிற்சி உண்டா?’ என்று மாணவன் கேட்பது அடக்கமின்மை ஆகாது. கேட்கத் தயங்குவது தமிழ்ப் பிள்ளைகளிடம் சற்று மிகுதி; பெரியவர் முன் வாய்திறவாமையை நற்பண்பென்று கற்பித்தவர்களே இதற்கும் ஒரு வழி கற்பித்தல் வேண்டும்.

ஆசிரியர் அறிய வேண்டுவன

இப்படிப்புக்குத் தகுந்த மாணவன் பள்ளியில் எப்படித் தென்படுவான்? முதல் மதிப்பெண் பெறுவோனாகவே அவன் இருக்க வேண்டும் என்பதில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கும் பழைய காலத்துச் சிறுவனின் வழித்தோன்றல் அவன். ஒரு விதி சொன்னால், அவ்விதி எங்கே உடையும் என்று தேடுவான். பள்ளியின் கணினியில் இல்லாத குறையைக் கண்டுபிடித்து ஆசிரியரைத் திணற வைப்பான். இக்குணம் போற்றத்தக்கது, அச்சத்துக்குரியதும் ஆகும். ஏனெனில் 1993ஆம் ஆண்டுக் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமையின்றிப் பிறர் கணினியில் நுழைவதே குற்றம். எதையும் திருடவில்லை, விளையாட்டாகத்தான் பார்த்தேன் என்பது விடையாகாது. பாதுகாப்புத் துறையில் சேர்வோரின் பின்னணி ஆராயப்படும். பதினைந்து வயதில் ஆர்வக்கோளாறால் செய்த ஒரு செயல், பத்தொன்பதில் வாயிலை அடைத்துவிடக்கூடும்.

அதே ஆர்வத்திற்கு முறையான வடிகால் உண்டு. பல்கலைக்கழகங்களும் தொழிற்கல்லூரிகளும் நடத்தும் கொடி பறிப்புப் போட்டிகளில், இதற்கென்றே அமைத்த கணினிகளை உடைத்துப் பார்க்கலாம். 2018இல் தற்காப்பு அமைச்சே ஏறத்தாழ 300 ஊடுருவல் வல்லுநரை அழைத்து, தன் இணைய அமைப்புகளைத் தாக்கிக் குறை கண்டு சொல்லுமாறு பரிசு வைத்தது. 35 குறைகள் உண்மையென்று உறுதியாயின. தன் கோட்டையின் ஓட்டையைத் தானே பணம் கொடுத்துக் கேட்டறிந்தது நல்ல அறிவு. அழைப்பின் பேரில் நுழைவதற்கும் அழைப்பின்றி நுழைவதற்கும் இடையே உள்ள கோட்டை மாணவர்க்கு உணர்த்துவதற்குக் கணினி ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை.

இனி, பிணை என்னும் சொல்லின் இரண்டாம் பொருளுக்கு வருவோம். அரசு உபகாரச் சம்பள ஒப்பந்தங்களில் மாணவன் மட்டும் கையெழுத்திடுவதில்லை. அவன் கட்டத் தவறினால் தாம் கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் பிணையாளிகளும் வேண்டப்படுவதுண்டு. பெரும்பாலும் தந்தை ஒருவர், மாமன் அல்லது குடும்ப நண்பர் மற்றொருவர். ஊரில் ஒருவர்க்கு ஜாமீன் நின்று நிலத்தை இழந்த கதை இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆனால் இங்கே மகிழ்ச்சியான நாளில், மாலையிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் அவசரத்தில், அதே வகைக் கையெழுத்து ஒரு நொடியில் இடப்பட்டுவிடுகின்றது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் பல பக்கம் நீளும். லாரி ஓட்டும் தந்தையும் உணவுக்கடை நடத்தும் மாமனும் அதனைப் படித்து உணர்வது எங்ஙனம்?

இவ்விடத்தில்தான் தமிழாசிரியர் பயன்படக்கூடும். கையெழுத்து நாளுக்கு முன் ஒரு மாலை, மாணவனையும் பிணையாளிகளையும் அமர்த்தி, ஒப்பந்தத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிவிடலாம். பிணைக் காலம் எந்த நாளில் தொடங்குகின்றது. தேசிய சேவைக் காலம் அதில் சேருமா. இடையில் நோயுற்றாலோ தேர்வில் தவறினாலோ என்ன நேரும். மேற்படிப்புக்குச் சென்றால் பிணை ஒத்திவைக்கப்படுமா, கூடுமா. இழப்பீட்டுக்கு வட்டி எவ்வளவு, எந்த நாளிலிருந்து. வேலை தருவது அமைப்பின் கடமையென்று எழுதியிருக்கின்றதா. வேலை தர இயலாவிடில் பிணை தானே நீங்குமா. பிணையாளியின் பொறுப்பு எத்தொகைவரை. இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு விடை தாளில் இல்லையென்றால், எழுத்து மூலம் கேட்டு விடை பெறலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. சட்டச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி இரண்டு பக்க அளவில் இருந்தாலே இவ்வேலை பாதி எளிதாகும். அதனைத் தொகுப்பதற்குத் தமிழாசிரியர் சங்கங்களுக்கு ஒரு பள்ளி விடுமுறை போதும்.